ஏழாம் மலைக்கு நான் போட்ட எண்

ஸ்பிரிங்வெளி,
16.11.1974

அன்பின் ஜௌபர்,

நலம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி ஜெயலெட்சுமியைக் காணவில்லை. இன்றோடு மூன்று நாள். லொறி டிரைவர் ஸலீமை நிற்கவைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் ஆக வேண்டியது: உன் வாப்பாவின் இரும்புக்கடையிலிருந்து லொறிச் சாமான் கட்டும் நீளக் கயிறு இரண்டு எடுத்துக்கொள். நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு இதே லொறியில் ஏறி வா. காரணத்தை வழியில் படி.

ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்தபோது, கடலில் தொலைந்த கப்பலைத் தேடும் கணக்கைச் சொல்லித் தந்தாயே, நினைவிருக்கிறதா? கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எங்கே இருக்கக்கூடும் என்பதற்கு ஏற்ப நூறு புள்ளியைப் பங்கு போட வேண்டும். தேடிக் கிடைக்காத கட்டத்தில், எவ்வளவு நன்றாகத் தேடினோமோ அவ்வளவு குறைத்து, குறைந்ததை மற்றக் கட்டங்களுக்குப் பகிர வேண்டும். தேடியாச்சு என்று எதற்கும் முட்டை மட்டும் போட்டுவிடாதே என்றாய்.

அதைத்தான் செய்தேன். பள்ளிக்கூடக் கரும்பலகையில் தேயிலைத் தோட்டத்தை வரைந்தேன். விறகுக்குப் போனவள் என்பதால் காட்டோரத்துக்கு நாற்பது. அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று லுணுகலைப் பாதைக்கு இருபத்தைந்து. மற்ற மலைகளுக்கெல்லாம் சேர்த்து முப்பது. ஏழாம் நம்பர் மலையின் கீழே இருக்கும் ஓடைப் பள்ளத்துக்கு ஐந்து. தோட்டத்தை நடத்தும் தொரை பலகையைப் பார்த்துவிட்டு, மாஸ்டர் கெட்டிக்காரன் என்று அறுபது பேரைக் கொடுத்தார். பெரிய கணக்கு வாத்தி!

ஏழாம் மலையில் கொழுந்து பறிக்கப் போவது போலவே ஆளுக்கொரு நிரை பிடித்து நடந்தோம். பள்ளத்தை ஒட்டிய கடைசி நிரையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பனிமூட்டம். கீழே தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்க்காமலே திரும்பி, பார்த்தாச்சு என்றேன். பலகையில் ஐந்தை அழித்து முட்டை போட்டேன். அன்றிலிருந்து அறுபது பேரும் காட்டிலும் பாதையிலும்தான் அலைகிறார்கள்.

இன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், நாளையிலிருந்து எல்லோரும் வேலைக்கு இறங்க வேண்டும் என்று தொரை சொல்லிவிட்டார். அப்போது ரெங்கம்மா, ஜெயாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவள், எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள். "மாஸ்டர், அந்தப் பள்ளத்தப் பாத்தீங்களா, இல்ல பாத்தேன்னு சொன்னீங்களா?" அவள் காறித் துப்பிவிட்டு, ஏற்கெனவே தேடப் போய்விட்ட ஆட்களைக் கூப்பிட மலைக்கு ஓடிவிட்டாள்.

ஜௌபர், உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இந்தியாவுக்குப் போக எங்கள் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தன் அம்மாவைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று ஜெயா ஒரே பிடியாக நின்றாள். அப்படியானால் இங்கேயே செத்துக் கிட, நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். விறகுக்குப் போறேன் என்று படியிறங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவளுடைய விறகுக் கயிறு கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

கயிறில்லாமல் யாராவது விறகுக்குப் போவார்களா? அந்தக் கயிற்றைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுத்தான் காட்டோரத்துக்கு நாற்பது போட்டேன். அந்த நாற்பது பள்ளத்துக்குரியது. உன் கணக்கில் பிழையில்லை. அதற்கு நான் கொடுத்த ஒவ்வொரு எண்ணும் பொய்.

ஓடையில் தண்ணீர் இருக்கிறது, மூணு நாள் என்ன, அஞ்சு நாளும் மனுசி தாங்குவா என்று ஓடும்போது சொன்னாள் ரெங்கம்மா. அவள் வாக்குப் பலிக்கட்டும். நான் உனக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஸலீமின் கையில் இதைக் கொடுத்ததும் இறங்குகிறேன். இடுப்பில் கட்டிக்கொள்ள என்னிடம் ஜெயாவின் விறகுக் கயிறுதான் இருக்கிறது. அது பாதிப் பள்ளத்துக்குக்கூட எட்டாது. உன் தொழுகையில் அவள் பெயரைச் சொல். நீளக் கயிற்றோடு சீக்கிரம் வா, ஜௌபர்.

உன்
வீரசிங்கம்