‘அடுத்த பஸ்’ஸில் என் பெயர்

என் அன்புக்கும் சந்தேகத்துக்கும் உரிய வரதா,

ஒரு முக்கிய முடிவை உனக்கு முறைப்படி அறிவிக்க வேண்டியிருக்கிறது. மூன்று நாள் யோசித்து, வீட்டாரின் கருத்தையும் கேட்டறிந்து, சின்ன பின் சார்ஜர் ஒன்று வாங்குவதென்று சென்ற வெள்ளிக்கிழமை தீர்மானித்தேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் நான்கு கடை ஏறி இறங்கினேன். “இன்னுமா சார் அந்தப் போனை வச்சிருக்கீங்க? மாலை போட்டு மாட்டிடுங்க,” என்றார் ஒருவர். ஐந்தாவது கடையில் கிடைத்தது.

சார்ஜர் உன் போனுக்கு. உன் காரியங்கள் முடிந்தபின் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். உன் மனைவி மைதிலி அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார். “இதை உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிண்டே இருந்தார்.” பழைய போனை எனக்கு எதற்குத் தர வேண்டும்? கடைசியில் மனசாட்சி உறுத்தியிருக்குமோ என்று பஸ்ஸிலேயே தோன்றியது.

இதை வாசிக்கிறவர்களுக்காக வழக்கைச் சொல்லிவிடுகிறேன். பட்டன் போன் காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நாம் இருவரும் ‘அடுத்த பஸ்’ என்று ஒரு செயலி செய்தோம். சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று அது சொல்லும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடும் தடம் அது. அந்தப் போன்களில் தமிழ் எழுத்து வராது. அதனால் ஒவ்வொரு வரியையும் நீ புள்ளி புள்ளியாகப் படமாக வரைவாய். அவற்றைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் நிரல் என்னுடையது.

கடைசிப் பதிப்பின்போது, ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் மேலே ஒரு எச்சரிக்கை வேண்டும் என்றேன். “பஸ் வரலைன்னா நம்ம மேல கேஸ் போடுவாங்கடா!”

“உன் பயத்துக்கு ஒரு வரிதானே? வரைஞ்சுடறேன், விடு,” என்று சிரித்தாய்.

அந்தப் பதிப்பை ப்ளூடூத்தில் என் போனுக்கு அனுப்பினாய். வீட்டுக்கு வந்து திறந்தேன். எச்சரிக்கை இருந்தது. உன் பெயர் இருந்தது. அதன்கீழ் உன் தெரு இருந்தது. முந்தைய பதிப்புகளில் அதற்கடுத்து இருந்த என் பெயரைக் காணோம்.

உன்னிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடித்தவன் திருடனிடமா விளக்கம் கேட்பான்? நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. அப்படியே பதினாறு வருஷம். “நீங்க ஏன் வரதேயில்லைன்னு கேப்பேன். அவனுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னுடுவார்,” என்றார் மைதிலி. என் ஆபீஸில் எனக்கு எவ்வளவு வேலை இருந்தது என்பது உனக்குத் தெரியாதா?

சார்ஜரைச் செருகினேன். போன் எழுந்துகொண்டது. உன் திரை என்னுடையதைவிட உயரமானது. ‘எங்களைப் பற்றி’யைத் திறந்தேன். உன் தெருவுக்குக் கீழே, ஏழாவது வரியில், ‘சூசை, தென்னூர்’ என்று இருந்தது. ‘சூ’வின் சுழியைக்கூட நிதானமாக வளைத்திருந்தாய்.

நான் அவ்வளவு எளிதில் ஏமாறுகிறவன் இல்லை. பிற்பாடு சேர்த்திருப்பாய் என்று கோப்பின் தேதியைப் பார்த்தேன். எனக்கு அனுப்பிய அதே நாள். தேதியையும் மாற்றலாமே? மைதிலியைக் கூப்பிட்டேன். “இந்தப் போனை வேற யாராவது நோண்டினாங்களா?”

“தொடவே விடமாட்டாரே. ஏன், அதுல ஏதாவது தப்பா இருக்கா?”

அவரிடம் என்ன சொல்வது, வரதா?

ஒன்று செய்கிறேன். அந்தப் பக்கத்தைக் கீழே நகர்த்த நான்கு வரி நிரல் போதும். அப்போதே நான் எழுதியிருக்க வேண்டியது. உன் உயரமான திரைக்கு அது தேவையில்லை; ஆனாலும் இந்த வாரம் எழுதி உன் போனில் ஏற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துப் போய், மைதிலி கேட்டதற்கு நேரில் பதில் சொல்கிறேன்.

அன்றைய என் போனின் திரையில் ஆறு வரிதான் தெரியும். எச்சரிக்கையை எடுத்துவிட்டால், என் பெயர் ஆறாவது வரி.

உன் தெருவுக்கு அடுத்த வரியில் இருக்கும் நண்பன்,
சூசை, தென்னூர்