பின்னறையின் காற்று

மார்ச் 4, செவ்வாய்
வாடகை வீடுகளுக்கு உரிமம் புதுப்பிக்கும் மாதம். நகராட்சியில் ஆளுக்குக் கொஞ்சம் வீடு பிரித்துக் கொடுத்தார்கள். என் தலையில் நாத்தனார் வீடு வந்து விழுந்திருக்கிறது. சொந்தக்காரர் வீடு, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். “ஆள் எங்கம்மா இருக்கு? நீயே பாத்துட்டு வந்துடு” என்றார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “உன் கையில மீட்டர் இருந்தா கடவுள் வீட்டுக்கே உரிமம் தரமாட்ட. எங்கக்கா எம்மாத்திரம்?” சிரித்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்
போனேன். இரண்டு மாடிகளையும் நாத்தனாரே கூட நடந்து காட்டினாள். துடைத்து வைத்தாற்போல் இருந்தன. கீழே பின்னறைக்கு வந்ததும், “இங்க என்ன பாக்கப்போற? ஒரு தையல்காரி இருக்கா, அவ்வளவுதான்” என்றாள்.

இருந்த ஒரே ஜன்னலையும் திருட்டுப் பயம் என்று செங்கல் வைத்து அடைத்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. மாடிகளுக்கெல்லாம் வெந்நீர் அங்கிருக்கும் கேஸ் கீசரிலிருந்துதான் போகிறது.

தையல்காரி துணியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்: “காலைல கண்ணு முழிக்கறப்ப நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு மேடம். எனக்கு முன்னாடி இங்க இருந்த வாட்ச்மேன் தாத்தாதான். இந்த மூலையிலதான் தூக்கத்துலயே போயிட்டாராம்.”

“வாய மூடுடி. நல்ல சாவு அது. குடுத்து வெச்ச மனுஷன்” என்றாள் நாத்தனார்.

மூலையைப் பார்க்காமல் வெளியே வந்தேன். பேய்க்கதைக்குப் பயப்படுகிற வயதா எனக்கு?

மார்ச் 7, வெள்ளி
கண்ணை மூடினால் அந்த மூலை. யாரோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அந்தத் தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. அவருடைய முதுகு மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 10, திங்கள்
காலையில் மாடிக்காரர்கள் குளிக்கும் நேரமாகப் பார்த்து நச்சுக்காற்றை அளக்கும் மீட்டரோடு போனேன். தையல்காரியைக் கதவைச் சாத்தச் சொன்னேன். கீசர் ஓட ஓட மீட்டரில் எண் ஏறியது. பிறகு அது கத்த ஆரம்பித்தது. அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

கீசரின் புகைக்குழாய் சுவருக்குள்ளேயே உடைந்து கிடக்கிறது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நஞ்செல்லாம் அறைக்குள்தான் இறங்குகிறது.

“அப்ப அது தாத்தா இல்லியா மேடம்?” என்றாள்.

தாத்தாவைக் கொண்டுபோனதே அதுதான்டி, அடுத்தது நீதான் — நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கீசரை நிறுத்தி, அறைக்குச் சீல் வைத்தேன். தையல் மிஷினைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். “நெஞ்சு மேல உக்காந்தவரே தேவலாம். அவரு என்னைப் போன்னு சொல்லல” என்றாள். அவளைக் காப்பாற்றினேனா, துரத்தினேனா?

மார்ச் 11, செவ்வாய்
நாத்தனார் போனில்: “என் தம்பி வீட்டுல இருந்துகிட்டே எனக்குக் குழி பறிச்சிட்டியே! இனி உன் வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு!” இவர் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய்ச் சாப்பிட்டார்.

மார்ச் 12, புதன்
இன்றும் அந்த முதுகு.

மார்ச் 19, புதன்
அலுவலகத்துக்கு எதிரே உள்ள சலவைக்கடைக்காரர் தன் மாடியைத் தையல்காரிக்குக் கொடுத்தார். அறைக்கு இரண்டு ஜன்னல். பார்க்கப் போனேன். “காலைல எழுந்தா தலை லேசா இருக்கு மேடம். வெயில்தான் கண்ணக் கூசுது” என்று பாதிப் பழியை என்மேல் போட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தேன்!

ஏப்ரல் 22, செவ்வாய்
மறு ஆய்வு. இவரும் கூட வந்தார். நாத்தனார் கீசரைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிவிட்டாள். அடைத்த ஜன்னலை இடித்துத் திறந்திருக்கிறாள். மீட்டர் அசையவில்லை. உரிமம் உண்டு என்றேன்.

அவள் அறைக்குள் வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே, “தலவலிக்குதும்மான்னு வாட்ச்மேன் அடிக்கடி சொல்லுவாரு. வயசாச்சுல்லன்னு நான்தான் மாத்திரை வாங்கிக் குடுத்துக் கதவையும் சாத்திட்டு வருவேன். குளிர் ஏறிடக் கூடாதேன்னு” என்றாள்.

“உங்களுக்குத் தெரியாதேக்கா” என்றேன்.

“வலிச்சிருக்குமா?”

இவர் என்னைப் பார்த்தார். வலித்திருக்காது என்றேன். எனக்கென்ன தெரியும்?

அறையை இனி யாருக்கும் விடமாட்டாளாம். நாங்கள் கிளம்பும்போது கதவைச் சாத்தப் போனேன். “வேணாம், திறந்தே இருக்கட்டும்” என்றாள்.