நடுவில் போட்ட தையல்

மார்ச் 5, செவ்வாய்

மறுபடியும் தலையணையைக் காணோம். மெஷின் முன்னால் நான் உட்காரும் முக்காலியில் போட்டுக்கொள்கிற சின்னத் தலையணை. காலையில் மூன்று சீருடைகளை வெறும் கட்டையில் உட்கார்ந்தே தைத்து முடித்தேன். இவரைக் கேட்டால், "உன் தலையணையை நான் எதுக்கு எடுக்கறேன்" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் வருகிறது. வீட்டில் இருப்பதே மூன்று பேர். நான், இவர், என் தம்பி. தலையணைக்குக் கால் முளைத்ததா?

மார்ச் 10, ஞாயிறு

அறுபது கிலோமீட்டர். பார்வை இல்லாதவர்களுக்காகச் சைக்கிள் சங்கம் வைத்திருக்கும் இரட்டை சைக்கிளைத்தான் எடுத்துப் போகிறோம். முன்னால் நான், ஹேண்டிலும் பிரேக்கும் என் கையில். பின்னால் தம்பி, மிதிக்க மட்டும். பதினாறு வருஷம் பஸ் ஓட்டியவன். கண் நரம்பு போன பிறகு ஒன்றரை வருஷம் அறையை விட்டு வெளியே வரவில்லை. ரேடியோ, கட்டில், சுவர். இந்த நாலு மாதமாகத்தான் ஆளே வேறு. "ஓரமா போக்கா, பின்னாடி லாரி வருது" என்று என்னை அதட்டுகிறான். ஏப்ரல் 28-இல் சங்கத்தின் நூற்றைம்பது கிலோமீட்டர் பயணத்துக்கு அவனே பெயர் கொடுத்திருக்கிறான். சைக்கிள் எடுக்காத வாரங்களில் அவன் சவரம்கூடச் செய்துகொள்வதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று நாற்பது தாண்டியதும் "முட்டி வலிக்குது" என்றான். முட்டி வலித்தால் சீட்டை உயர்த்த வேண்டும் என்று சங்கத்தில் சொல்வார்கள். ஒரு விரல் உயர்த்தினேன்.

மார்ச் 12, செவ்வாய்

முட்டி தேவலையாம். ஆனால் நின்றுகொண்டே சாப்பிட்டான். கேட்டதற்கு, "உக்காந்து உக்காந்து போரடிக்குது" என்றான்.

தம்பிக்குச் சைக்கிள் ஓட்ட நான் தைத்த கால்சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தையல் நடுவுலதான் வரணுமா?" என்றார். தையலைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? வாயை மூடிக்கொண்டு போனார்.

மார்ச் 17, ஞாயிறு

எண்பது போக வேண்டியது. முப்பத்தைந்திலேயே திரும்பிவிட்டோம். அதே முட்டி. வழியில் இன்னொரு விரல் உயர்த்திக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இறங்கியதும், "அந்த நூத்தம்பதுக்கு நான் வரலக்கா. வேற யாரையாவது கூட்டிட்டுப் போ" என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டான். ரேடியோ கேட்கிறது. பயமாக இருக்கிறது எனக்கு. மறுபடியும் அந்தச் சுவரா?

மார்ச் 18, திங்கள்

துணி துவைக்கும்போது கண்டுபிடித்தேன்.

கடையில் வாங்கிய கால்சட்டை மூன்றாவது ஓட்டத்திலேயே நூல் விட்டது. அதனால் இழுபடும் துணியும் பஞ்சுப் பட்டையும் வாங்கி இருவருக்கும் நானே தைத்தேன். மூட்டை தூக்கும் ஆட்களுக்கு பேன்ட் தைத்துப் பழகிய கை. கவட்டையில் நாலு துணியும் சேரும் இடத்தில் மடித்து, அடித்து, மேலே இன்னொரு அடி. பிரியவே பிரியாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். இன்று உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், அந்தக் கெட்டித் தையல் கூடும் இடத்தில் துணி இழை இழையாய் நைந்திருக்கிறது. அதன்மேல் காய்ந்த ரத்தம், பட்டாணி அளவுக்கு. உள்ளே போட்டிருந்த உள்ளாடையின் விளிம்பிலும் அதே இடத்தில் ஒரு கறை.

முட்டியில் வந்த ரத்தமா இது?

வலிக்காத முட்டிக்காக நான் சீட்டை உயர்த்தி உயர்த்தி வைத்திருக்கிறேன். சீட்டு உயர உயர, பெடல் எட்டாமல் அவன் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். சாயும்போதெல்லாம் என் தையல் அறுக்கும். அறுத்திருக்கிறது. பாவி, இரண்டு தடவை உயர்த்தினேனே! தலையணை எங்கே போயிற்று என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இவரிடம் நேராகக் கேட்டேன். செய்தித்தாள் இறங்கியது.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமான்னு சத்தியம் வாங்கிட்டான்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். அதான் தையலைப் பத்திக் கேட்டேனே."

கேட்டார்தான். கேட்ட லட்சணம்.

மார்ச் 19, செவ்வாய்

முகம் பார்த்துப் பேச எனக்கும் கூச்சமாக இருந்தது. நூல் கோக்காமல் மெஷினைச் சும்மா ஓட்டிக்கொண்டே பேசினேன். அவன் வாசற்படியில் நின்றிருந்தான்.

"கால்சட்டையைப் பாத்துட்டேன்டா."

நிலைப்படியை நகத்தால் சுரண்டினான். பிறகு, "எங்க வலிக்குதுன்னு அக்காகிட்ட எப்படிச் சொல்றது?"

"என் முகம்தான் உனக்குத் தெரியாதே. என்ன வெக்கம்?"

"என் முகம் உனக்குத் தெரியுமே."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "சொன்னா நீ நிறுத்திடுவ. வீட்டுலயே இருன்னுடுவ. அதுக்கு இந்த வலியே தேவலை" என்றான். நான் மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். நிறுத்த மாட்டேன்டா என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 20, புதன்

டாக்டரிடம் இவர் கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன நடக்கிறதோ என்று சுவரில் இருந்த பல் படத்தைப் பத்துத் தடவை படித்தேன்.

தோல் உராய்ந்த புண், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டி. ஆழமில்லை. ரெண்டு வாரம் சீட்டில் உட்காரக் கூடாது, தானே ஆறிவிடும். கட்டி பெரிதாகியிருந்தால் கீறி எடுத்து, மாதக்கணக்கில் படுக்கப் போட்டிருப்பார்களாம். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இனிமேல் பஞ்சுக் கால்சட்டைக்கு உள்ளே எதுவும் போடக் கூடாது. ஏறுவதற்கு முன் களிம்பு தடவ வேண்டும். இறங்கியதும் வேர்வைத் துணியோடு அரட்டையடிக்காமல் கழற்றி, கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு தடவை போட்டதைத் துவைக்காமல் மறுபடி போடக் கூடாது.

இவர் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். "உள்ளாடை போடாதேன்னு டாக்டரம்மா எழுதியே குடுத்துட்டாங்க மாமா. ஃபிரேம் போட்டு மாட்டலாம்."

மார்ச் 24, ஞாயிறு

நான் போட்ட தையலை நானே பிரித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு கெட்டி.

நாலு துணி சேருமிடத்தில் ஒரே துண்டாகச் சாய்சதுரம் வெட்டி வைத்தேன். தையலெல்லாம் தொடைப் பக்கம் தள்ளிப் போய்விட்டது. உட்காரும் இடத்தில் ஒன்றுமில்லை. பஞ்சுப் பட்டையும் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டு. முடித்ததும் அவன் கையில் கொடுத்தேன். உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றான். "இங்க ஒரு முடிச்சு இருக்கு." கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். கடுகில் பாதிகூட இல்லை. அதையும் எடுத்தேன்.

அவனுக்கு இரண்டு ஜோடி தைத்ததும் துணி தீர்ந்துவிட்டது. எனக்கு அப்புறம் பார்க்கலாம். முன்னால் உட்காருகிறவளுக்கு என்ன வந்தது?

ஏப்ரல் 7, ஞாயிறு

மூன்று வாரம் கழித்து. முப்பது கிலோமீட்டர் மட்டும்.

சீட்டை முதலில் இறக்கினோம். குதிகாலைப் பெடலில் வைத்து அடி வரைக்கும் மிதித்தால் கால் நேராக நிற்க வேண்டும், இடுப்பு அசையக் கூடாது. இவர் பின்னால் நின்று பார்த்து, சரி என்றார்.

போகும்போது இன்னொன்று உறைத்தது. பள்ளத்தைப் பார்த்தால் நான் லேசாக எழுந்துகொள்கிறேன். பின்னால் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? நாலு மாதமாக ஒவ்வொரு பள்ளத்தையும் அவன் உட்கார்ந்தபடியே வாங்கியிருக்கிறான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொன்னால், "பின் சீட்டு ஜனங்க என்னை ஏன் அப்படித் திட்டினாங்கன்னு இப்பத்தான் புரியுது" என்கிறான்.

இனி நான் "பள்ளம்" என்பேன், இருவரும் எழ வேண்டும். பள்ளமே இல்லாவிட்டாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழ வேண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நூறு. முட்டி எப்படி என்றேன். "எந்த முட்டி?" என்றான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

முடித்துவிட்டோம். நூற்றைம்பது, ஒன்பதரை மணி நேரம்.

பாதியில் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில், எல்லோரும் உட்காருவதற்கு முன்னால் இவன் குளியலறைக்குப் போய்க் கழுவித் துடைத்து, இரண்டாவது ஜோடியை மாற்றிக்கொண்டு வந்தான். எங்கேயாவது உரசுகிறதா என்று நான் கேட்கவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ரொட்டிக்குக் கை நீட்டினான்.

நூற்றிருபதுக்கு மேல் எனக்குக் கண்ணைக் கட்டியது. அப்போது பின்னாலிருந்து "பள்ளம்" என்று குரல். எழுந்தேன். நிஜமாகவே பள்ளம். எப்படித் தெரிந்தது என்றேன். "முன்னாடி போன லாரியோட பின்பலகை தடதடன்னுச்சே, கேக்கலியா?" கடைசி முப்பது கிலோமீட்டரும் அவன்தான் சொன்னான், நான் எழுந்தேன். வண்டியை யார் ஓட்டினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. அவனுக்கா, எனக்கா?

ஏப்ரல் 29, திங்கள்

காலையில் தம்பி சவரம் செய்துகொண்டு, சாப்பாட்டு மேசையின் மர நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தலையணை என் முக்காலியின் மேலேயே இருந்தது.

உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். என் கால்சட்டையின் நடுத் தையலை நான் பிரிக்கவே இல்லையே. தலையணையை இரண்டாக மடித்து வைத்துப் பார்த்தேன். ம்ஹூம். இவர் செய்தித்தாளை இறக்கினார். "தம்பிகிட்ட சொல்லிடாதீங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, நின்றபடியே மெஷினில் துணியை வைத்தேன்.

நின்றுகொண்டு மிதித்தால் மெஷின் சத்தம் விட்டு விட்டுத்தான் வரும்.

"என்னக்கா," என்றான் மேசையிலிருந்து, "முட்டி வலிக்குதா?"