கனகசுந்தரத்தின் குளிர்

2008 பெப்ரவரி 11, திங்கள்

கனகசுந்தரம் இன்று தன் மூன்று மாடிக் கட்டிடத்தைத் திறந்துவிட்டான். கீழே வங்கி, நடுவில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், மேல் மாடி காலி. அறைக்கு அறை ஏசிப் பெட்டி கிடையாது. பின்புறம் பெரிய இயந்திரம் ஒன்று. அது காற்றைக் குளிராக்கித் தகரக் குழாய் வழியே கட்டிடம் முழுக்க ஊதுகிறது. அந்தப் பின்புறச் சுவர் என் கருவாட்டுக் கிட்டங்கி முற்றத்தைப் பார்த்தபடி நிற்கிறது.

நானும் அவனும் ஒரே நாளில் இறங்குதுறையில் மூட்டை தூக்கத் தொடங்கினவர்கள். இன்று அவன் கோட் போட்டிருந்தான். உள்ளே குளிராம்.

திருகோணமலையில் கோட்.

பெப்ரவரி 13

என் மனைவி மக்டலின் வங்கிக்குப் போய் வந்தாள். எங்களுக்கு இன்று வங்கியில் ஒரு வேலையும் இல்லை. அவள் கணக்கெழுதும் அறை தகரக் கூரைக்குக் கீழே. குறை சொல்ல முடியுமா?

பெப்ரவரி 16, சனி

இயந்திரத்துக்குப் புத்தி ஏற்ற ஓர் எஞ்சினியர் வந்திருக்கிறான். கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணி அஸீம், கொழும்பில் படித்தவன். லப்டொப்பை வயரில் கொழுவிவிட்டு மதிலருகே குந்தியிருந்தான். என்ன எழுதுகிறாய் தம்பி என்று கேட்டேன்.

"விடியக்காலம் வெளிக்காத்து குளிர்தானே அண்ணன். இந்தத் தகட்டுக் கதவு தானாத் திறந்து அதை உள்ளுக்கு இழுக்கும். ஆக்கள் வந்த பிறகுதான் மிசின் குளிராக்கத் தொடங்கும். கரண்ட் மிச்சம்."

ஓசிக் காற்று! இப்படி ஒரு புத்தி எனக்கு ஏன் வரவில்லை என்று நாள் முழுக்க எரிச்சல். கருவாட்டுக் கிட்டங்கிக்கு எதற்கு ஏசி, இக்னேசியஸ் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேள்வி சரி. எரிச்சல் போகவில்லை.

பெப்ரவரி 20

தவக்காலம், இறைச்சி விலக்கும் நாட்கள்; நீர்கொழும்பிலிருந்து சரக்கு சரக்கு என்று நெருக்குகிறார்கள். கந்தளாய்ப் பாதையில் இராணுவச் சோதனைக்கு மூட்டை எல்லாம் இறக்கி ஏற்ற வேண்டும். வரிசையில் முன்னால் நிற்காத லொறி பின்னேரம்தான் வெளியேறும். அதனால் விடியும் முன்பே ஏற்றுகிறோம். இன்று ஏற்றிக்கொண்டிருக்கையில் சுவரிலிருந்த தகடுகள் தாமாகவே திரும்பின. இயந்திரம் மூச்சிழுத்தது. நெத்தலி மூட்டையிலிருந்து எழும்பிய தூசி நூல் மாதிரி உள்ளே போனது.

லொறி ஓட்டும் தாஹிரிடம், நாளையிலிருந்து லொறியை அந்தச் சுவரோடு அணைத்து விடு என்றேன். ஏன் என்றான். நிழல் என்றேன். விடியாத நேரத்தில் நிழல்!

பெப்ரவரி 27

மக்டலின் வந்து சொன்னாள்: "இஞ்சேருங்கோ, பாங்குக்குள்ள எங்கட கிட்டங்கி மணம்." காசாளர் பிள்ளை லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு காசு எண்ணுகிறாளாம். தொண்டு நிறுவனத்து வெள்ளைக்காரர் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாராம். அந்தக் கட்டிடத்தில் ஜன்னல் திறபடாது.

இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 29, வெள்ளி

சிலுவைப்பாதை. பாவசங்கீர்த்தனமும் செய்தேன். கோபத்தைச் சொன்னேன். லொறியைச் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

மணம் தாங்க முடியவில்லை என்று கனகசுந்தரம் பெட்டிசம் போட்டிருக்கிறான். சுகாதாரப் பரிசோதகர் வந்து கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்தார். உயிர்த்த ஞாயிறு கழிய இதை நகருக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமாம்.

எங்க கொண்டுபோறது? வெளியில போனா வளைவுக்கு வளைவு ஆமிச் சென்றி. கடலுக்குப் போற நேரத்தையும் குறிச்சுக் குடுத்திருக்கிறாங்கள். மீன் எல்லாம் ஒண்டாக் கரைக்கு வருகுது, வந்த கையோட உப்புப் போடாட்டி அழுகிப்போகும். இறங்குதுறைக்குப் பக்கத்தில இல்லாட்டி எனக்குத் தொழிலே இல்லை. தோள் காய்ச்சுப்போக உழைச்ச கிட்டங்கி. ஆரால கெட்டது? அவனாலயா? — லொறியை அணைக்கச் சொன்னது ஆர்?

மார்ச் 12

விடியும் முன் வந்து தகட்டைப் பார்க்கும்படி அஸீமுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் கனகசுந்தரத்தையும் கூட்டி வந்தான். தகடுகள் திறந்தன. லொறிப் புகையும் கருவாட்டுத் தூசியும் உள்ளே போவதை மூன்று பேரும் பார்த்தோம்.

கொழும்பில் ஒரு ஹோட்டலுக்கு எழுதிய புரோக்கிராமை நேரம்கூட மாற்றாமல் இங்கே போட்டுவிட்டதாக அஸீம் சொன்னான். கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை, உனக்குமா தெரியாது இஞ்ச எத்தனை மணிக்கு லொறி வெளிக்கிடும் எண்டு என்றேன். தலையைச் சொறிந்தான்.

கனகசுந்தரம் என் பக்கம் திரும்பினான்.

"கதவு திறக்கிறது உனக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுதான் லொறியை அணைச்சனி."

"ஓம். உன்ர கோட்டைப் பாக்க ஏலாமல் கிடந்தது."

அஸீம் லப்டொப்பைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டான். கனகசுந்தரம் ஏசுவான் என்று நின்றேன். ஏசவில்லை.

"பிளானில மிசின் மற்றப் பக்கம்தான்ரா. நான்தான் இஞ்சால மாத்தினனான். நீ முத்தத்தில வேர்த்து ஒழுக நிக்கேக்க இந்தச் சத்தம் உனக்குக் கேக்கவேணும் எண்டு."

பிறகு, மேல் மாடிக்கு வாடகைக்கு ஒருவரும் வருகிறார்களில்லை, சண்டை முடியட்டும் என்கிறார்கள் என்றான். "உன்ர லொறி மட்டும் ஒரு நாளும் நிண்டதில்லை."

அப்ப அவனுக்குமா எரிச்சல்? இவ்வளவு காலமும்?

மார்ச் 24, திங்கள்

நேற்று உயிர்த்த ஞாயிறு. இன்று கனகசுந்தரம் வந்து, மக்டலின் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பெட்டிசத்தை மீளப் பெற்றுவிட்டதாகவும் கிட்டங்கியை மாற்றத் தேவையில்லை என்றும் சொன்னான். பேசி முடித்தது இதுதான்: அஸீம் என் பக்கச் சுவரில் ஒரு சுவிட்ச் பூட்டித் தருவான், அதைப் போடும்வரை தகடு திறக்கக் கூடாது என்று புரோக்கிராமை மாற்றி எழுதுவான். லொறி போனபின் சுவிட்சைப் போடுவது என் பொறுப்பு. லொறி இனி வாசல் படலைப் பக்கம் நிற்கும். சுவரைத் துளைத்து, மக்டலின் கணக்கெழுதும் அறைக்கு ஒரு குழாய் குளிர் வரும். அதற்கு வாடகை மாதம் ஒரு கட்டுக் கட்டா மீன் கருவாடு, நல்ல சதைப்பிடிப்பானது. அவனே வந்து எடுக்க வேண்டும். கோட் போட்டு வந்தால் கிடையாது.