இலையில் இனி மோர்தான்

என் சண்டைக்காரத் தம்பி நடராஜனுக்கு,

நேற்று உனக்குப் படையல் போட்டோம். உன் படத்தின் முன் இலை விரித்து, வஞ்சிரக் குழம்பு, அவித்த முட்டை, மசால் வடை எல்லாம் வைத்தோம். பிராந்தி பாட்டில் மட்டும் வைக்கவில்லை. வழக்கமாக அது இருக்கும் இடத்தில் ஒரு சொம்பு மோர் இருந்தது. எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் நீ இருப்பதால் விளக்கம் சொல்லும் கட்டாயம் எனக்கு இல்லை. ஆனாலும் சொல்கிறேன். ஆயுள் முழுதும் கல்லூரியில் தருக்கவியல் நடத்தியவளுக்குக் காரணம் காட்டாமல் எதையும் முடிக்க வராது.

இறந்தவனுக்குப் பிடித்ததைப் படைப்பது வழக்கம்தான். ஆனால் கல்லீரல் கெட்டுச் செத்தவனுக்குப் பிராந்தி வைப்பது என்ன அறிவு என்று ஆண்டுதோறும் கேட்டேன். உன் மைத்துனன் தேவராஜ் ஆண்டுதோறும் வைத்தான். கற்பூரம் அணைந்ததும் அது பிரசாதமாகி, வந்த ஆண்களின் தம்ளர்களுக்குப் போய்விடும். சென்ற ஆண்டு, முதல் தம்ளரை உன் மகன் கையில் கொடுத்தான். "அப்பனுக்கு வச்சதுடா மாப்ள, தட்டக் கூடாது." குமரன் அப்போதுதான் குடியை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவன் தட்டவில்லை.

அதன்பின் நடந்ததை நீ அறிவாய். உன் கதையின் மறுபதிப்புதானே? திருமழிசைத் தொழிற்பேட்டையில் பார்த்த வேலை போயிற்று. குளிக்காமல், உண்ணாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ஒருநாள், "இருந்து இன்னா ஆவப்போவுது அத்தை?" என்றான். அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே உன் மனைவி மல்லிகாவும் நானும் அவனை மருத்துவமனையில் சேர்த்தோம். முதலில் உடம்பைத் தேற்றினார்கள், மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு பூந்தமல்லியில் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார்கள்.

அவர் செய்வது சி.பி.டி. என்னும் சிகிச்சை. குடிக்கும் கைக்கு முன்னால் ஓர் எண்ணம் ஓடுகிறது. அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, உனக்கு என்ன ஆதாரம் என்று கேட்க வேண்டும். பழைய நடத்தைக்குப் பதிலாக வேறொன்றைப் பழக வேண்டும். நான் முதலில் உதட்டைப் பிதுக்கினேன். இதைத்தானே நான் வகுப்பில் வேறு பெயரில் கத்திக்கொண்டிருந்தேன்? ஆனால் என் வகுப்பில் எவனும் குடியை விடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"குடி எங்க ரத்தத்துல கீது மேடம்" என்றானாம் உன் மகன். "அதே ரத்தம்தானே உங்க அத்தைக்கும்? அவங்க குடிக்கறாங்களா?" என்றாராம் அவர். கேட்டாயா, இந்த வயதில் என்னைச் சான்றுப் பொருளாக்கிவிட்டார்கள்!

உன் நினைவுநாள் நெருங்கியதும் அந்தப் பெண்மணி ஒத்திகை பார்க்கச் சொன்னார். வீட்டில் ஒருவர் மாமனாக நடித்துக் குடிக்க வற்புறுத்த வேண்டும். அவன் மறுக்க வேண்டும். மல்லிகாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆகவே நான் தேவராஜ் ஆனேன். "இன்னா மாப்ள, பெரிய மனுசன் ஆயிட்டியா? ஊத்துனத வச்சிகினு பாத்துகினு கீற?" என்றேன். குமரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தை, நீ பேசனா ரேடியோல நியூஸ் படிக்கறாப்ல கீது!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உன் குரலில் பேசினேன். அது எனக்கு நன்றாக வரும். "கண்ணு, அப்பனுக்காக ஒரு வாய்டா."

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னான்: "இதான் அத்தை. அவரே கேக்கறாப்ல கீது. வேணாம்னு சொன்னா அவரையே வேணாம்னு சொல்றாப்ல கீது."

அந்த எண்ணத்தை அவன் பூந்தமல்லிக்குக் கொண்டுபோனான். அப்பா அதைத்தான் கேட்பார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர் கேட்டிருக்கிறார். வழியில் நடக்கும் மெட்ரோ வேலையின் புழுதி தலையில் படிந்திருக்க, திரும்பி வந்து வாசலில் நின்றபடியே என்னிடம் கேட்டான்: "கடைசியா அப்பா இன்னா கேட்டாரு?" நீ போனபோது அவன் ஆலையில் ஷிப்டில் இருந்தான். கட்டிலருகே இருந்தவள் நான்.

நீ கேட்டது மோர். நினைவிருக்கிறதா? "அக்கா, உப்புப் போட்டு ஒரு வாய் மோர் குடேன்" என்றாய். தண்ணீரையே அளந்து கொடுத்த நிலை; செவிலியரிடம் கேட்டுப் பஞ்சில் நனைத்து உன் உதட்டில் வைத்தேன். பிராந்தி என்ற சொல்லே உன் வாயில் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"மோரா?" என்று சிரித்தான் குமரன். பிறகு முகம் கழுவப் போனவன் நெடுநேரம் குழாயை மூடவில்லை.

நேற்று தேவராஜ் வழக்கம்போல் செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலோடு வந்தான். குமரன் வாசலிலேயே நிறுத்தினான். "மாமா, நான் குடிக்கறதில்ல. அத வண்டியிலயே வச்சிட்டு சாப்ட வா."

"உனுக்கு இல்லடா, உங்கப்பனுக்கு. அவரு ஆவி அலையும்டா."

"நான் குடிக்கறதில்ல மாமா. வண்டியில வச்சிட்டு சாப்ட வா."

"ஒரு சொட்டு நாக்குல வச்சா செத்தா பூடுவ?"

நான் வாயைத் திறந்தேன். குமரன் கையை நீட்டி என்னை அடக்கினான். அதே வாக்கியம், அதே குரல், மூன்றாம் முறை. விவாதிக்காதே, திரும்பச் சொல் என்பது அவன் கற்ற பாடம். எதிராளியை மடக்காமல் விட்டு எனக்குப் பழக்கமே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். தேவராஜ் மல்லிகாவைப் பார்த்தான். அவள், "குழம்பு ஆறுதுடா" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்குப் போய் வெறுங்கையோடு வந்தான். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு, மோரில் உப்பு அதிகம் என்றான்.

வெற்றி என்று எழுதிவிடாதே என் கணக்கில். எல்லாரும் போனபின் குமரனுக்குக் குடிக்கும் ஆசை வந்துவிட்டது. "வா அத்தை" என்றான். மாலை வெயிலில் அண்ணனூர் ரயில் நிலையத்துக்கு நடந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆசை ஏறும், நின்று பார்த்தால் இறங்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ரயில்கள் வந்தன, போயின. "இப்ப எப்படி இருக்கிறது?" என்றேன். "கீது." இன்னொரு ரயில் போயிற்று. "கீது. கம்மியா கீது." அவன் எழுந்திருக்கும்வரை நானும் எழவில்லை. முழங்கால் வலியைப் பற்றி நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நாளை வேறொரு எண்ணம் வரலாம். ஒருநாள் அவன் குடித்தும் விடலாம். தவறினால் மறுபடி பூந்தமல்லி பஸ் ஏறுவோம். அவன் ஏற மாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போவேன். எனக்கு இதைச் செய்ய ஆள் இல்லையே என்று நீ கேட்பாயோ? கேள்.

ஆனால் வாக்கு ஒன்று உண்டு. நான் உயிரோடு இருக்கும்வரை உன் இலைக்கு அருகே பாட்டில் வராது. நீ கேட்ட மோர் வரும். உப்பு நான்தான் போடுவேன். தேவராஜ் சொன்னதற்காகக் குறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உனக்குக் கடைசி வாய் மோர் கொடுத்த
அக்கா