கிடைக்காத இடத்துக்குச் சாட்சி

ஜூன் 3, செவ்வாய்

ரெபேக்காவுக்கு பூனாவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கடிதம் என்றால் போனில்தான். பத்தொன்பதாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துத் தேர்வு முடிந்தது. இனிப் பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். தேறினால் இயற்பியலில் மேற்படிப்பு, அப்படியே டாக்டர் பட்டம் வரைக்கும். அவள் அப்பன், என் மகன் ஸ்டெர்லின், பன்னிரண்டோடு நின்றான். நான் ஐந்தோடு நின்றேன். இவள் நிற்கவே மாட்டாள் போலிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

தாளில் எல்லாம் எழுதிவிடுவாள். ஆள் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் தினமும் ஒரு மணி நேரம் நான்தான் பேராசிரியர்.

"ஆச்சி, நீ ஒண்ணும் கேக்காண்டாம். மூஞ்சிய மட்டும் சீரியஸா வச்சிரு."

வைத்தேன். இவ்வளவு பயங்கரம் வேண்டாம் என்றாள்.

ஜூன் 6, வெள்ளி

இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டு எனக்காகத் தமிழிலும் பாதி இந்தியிலும் திரும்பச் சொல்கிறாள். சூரியனிலிருந்து ஒரு துகள் வருகிறதாம். நியூட்ரினோ என்று பெயர். நகம் அளவு இடத்தில் ஒரு விநாடிக்கு ஆறாயிரம் கோடி. தகரம், சுவர், நம் உடம்பு, எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருக்குமாம். உள்ளங்கையை வெயிலில் நீட்டிப் பார்த்தேன். நிழலில் வைத்தாலும் வரும் ஆச்சி என்று சிரித்தாள்.

அப்புறம் வேலையே ஓடவில்லை. இந்தச் சந்தில் ஒருத்தி துணி காயப்போட்டால் இன்னொருத்திக்கு வெளிச்சம் போச்சு என்று சண்டை. இதுகளோ யாரையும் கேட்காமல் எல்லாருக்குள்ளேயும் புகுந்து போகின்றன. தண்ணீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சமாவது மினுங்காதா என்று. என் முறை வந்து குடம் நிரம்பி வழிந்ததும் தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தப்புப் பண்ணிட்டேன்.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை நன்றி மட்டும்தான். கிடைத்ததற்குச் சாட்சி. வேண்டுதலெல்லாம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில். எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருஷமாகப் போகிறேன். பாஸ்டர் "சாட்சி உண்டா" என்றதும் அவளுக்காக ஜெபிக்கச் சொல்ல எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் கிழமை உறைத்தது. அத்தனை பேர் திரும்பிப் பார்க்கும்போது சும்மா உட்காருவதா? "என் பேத்திக்குப் பூனாவுல கர்த்தர் இடம் குடுத்துட்டார்" — வாய் சொல்லிவிட்டது. விசுவாசத்தோடு சொன்னால் நடக்கும் என்று ஒரு நினைப்பு. எல்லாரும் கை தட்டினார்கள். அந்த நிமிஷம் எனக்கே அது நடந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

ரெபேக்கா சபைக்கு வரவில்லை. மாட்டுங்காவில் தோழி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

சந்து முனையில் ஃபிளெக்ஸ். சபை வாலிபர்கள் வைத்தது. அவள் படம், பின்னால் ஒரு ராக்கெட், 'எங்கள் விஞ்ஞானிக்கு வாழ்த்துகள்'. சயான் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தவள் அதற்கு நேர் கீழே நின்று பார்த்திருக்கிறாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "கிடைக்கலன்னா நான் இந்தச் சந்துல எப்டி நடப்பேன்? நீயே சொல்லு."

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் இங்கே எழுதலாம் — எல்லாம் என் பெருமைதான். வேற ஒண்ணுமில்ல.

ஜூன் 12, வியாழன்

மாட்டுங்காவிலேயே படித்துவிட்டு இருட்டும்போது வருகிறாள். என் முகம் வேண்டாம் போல. பக்கத்து வீட்டு விஜயராணி வாழ்த்துச் சொல்லிக் கேசரி கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

உபவாச ஜெபத்துக்குப் போனேன். எப்படிக் கேட்பது? கொடுத்துவிட்டார் என்று சொன்னவளே போய்க் கொடும் என்று கேட்பதா?

ஜூன் 15, ஞாயிறு

எழுந்தேன். சாட்சி நேரத்தில்தான்.

"போன வாரம் நான் சொன்னது பொய். பிள்ளைக்கு இன்டர்வியூவே வர்ற வியாழக்கிழமதான். பெருமையில சொல்லிட்டேன். அவளுக்கு இதுல பங்கில்ல."

பின்னாலிருந்து விஜயராணி, மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது: "அப்போ எங் கேசரி?" பாஸ்டரே சிரித்துவிட்டார்.

மதியம் வாலிபர்கள் ஃபிளெக்ஸை இறக்கி, மழைக்கு ஒழுகுகிற ஒரு கூரைமேல் விரித்துக் கல் வைத்துவிட்டார்கள். மாடிப்படியிலிருந்து பார்த்தேன். என் பேத்தி வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். முகமெல்லாம் மழை.

ஜூன் 17, செவ்வாய்

"உக்காரு ஆச்சி" என்றாள். பேராசிரியர் மூஞ்சியோடு உட்கார்ந்தேன்.

ஜூன் 19, வியாழன்

ஸ்டெர்லின் கூடப் போய்வந்தான். நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தாளாம். நியூட்ரினோவைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு கணக்குக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாள். சரி, சேர்ந்தே பார்ப்போம் என்று ஒரு அம்மா எழுந்து பலகைக்கு வந்தார்களாம். இரண்டு பேரும் பாதி வரை போனார்களாம். அந்தப் பாதியைப் பற்றித்தான் சாப்பிடும்போதும் பேசிக்கொண்டிருந்தாள். சோறு ஆறிப்போயிற்று.

ஜூலை 4, வெள்ளி

காத்திருப்புப் பட்டியல். நாலாவது பெயர்.

சபையில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவளிடமே கேட்டார்கள். அவளும் நாலாவது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஜூலை 14, திங்கள்

இரண்டு.

ஜூலை 28, திங்கள்

காலையில் தாதரில் ரெபேக்காவைப் பூனா ரயிலில் ஏற்றிவிட்டோம். ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு பாய். ஸ்டெர்லின் அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டான். நான் தனியாகத் திரும்பினேன். மழை விட்டு, சந்தெல்லாம் பளபளவென்று கிடந்தது.

விஜயராணி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "காலையிலேயே எங்க போய்ட்டு வாறீய?"

ஸ்டேஷன் வரைக்கும் என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதுவரைக்கும் என்னிடமே இருக்கட்டும் என்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.