இல்லம் வேண்டாம் என்ற மெத்தை

ஜூன் 14, சனி

அப்பாவின் பழைய மெத்தையை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க இன்று அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த வாரம் சம்பந்தி வீட்டார் வந்து அப்பாவின் அறையில் தங்கப் போகிறார்கள். அதற்காகப் புது மெத்தை வாங்கியாயிற்று. பழையது யாருக்காவது உதவட்டும் என்று நான்தான் சொன்னேன். வேனில் ஏற்றும்போது அப்பாவும் ஒரு முனையைப் பிடித்தார்.

காம்பார் போகும் சாலையில் இருக்கிறது அந்த இல்லம். பொறுப்பில் இருக்கும் அம்மா மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"சாரி அண்ணே, இத எடுக்க முடியாதுலா. நடுவுல பள்ளம், ஸ்பிரிங் குத்துது. எங்க தாத்தாங்கள இதுல படுக்க வச்சா முதுகு புண்ணாயிரும்."

அப்பா பக்கத்தில்தான் நின்றார். பீடோர் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய முதுகு. நேற்றுவரை இதில்தான் கிடந்தது. ஏழு வருஷத்துக்கு முன் நாங்கள் புதுசு வாங்கியபோது, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி இதை அவர் அறைக்குத் தள்ளியவனும் நான்தான்.

மெத்தையை மறுபடி வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியில் அப்பாதான் பேச்சை எடுத்தார்.

"அவங்க எடுக்காததும் நல்லதாப் போச்சுப்பா. சம்பந்தி வந்தா, ஹால்ல நான் எதுல படுக்கிறதுன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன்."

நான் அதை யோசிக்கவே இல்லை.